கர்ட்டன் துணியில் தைத்த நைட்டி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம். நான் முக்கால்வாசி நலம், மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் நலம் இப்போதெல்லாம் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்த பிறகுதானே எனக்குத் தெரிகிறது, அதனால் அந்த வரியை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்பு வேலை பார்ப்பாய், அவர் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார், நான் கேட்பதற்கெல்லாம் உனக்கு முன்னால் அவர் பதில் சொல்வார். இதை உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படி.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், அது இறங்கினால்தான் மற்றது வரும். கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் சிவந்து தடித்து, சொறிந்து சொறிந்து நீ தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. தினமும் வீடியோவில் வந்தாய், நெற்றியும் கண்ணும் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதை சொன்னாய், நானும் இவ்வளவு படித்த பிள்ளைக்கு ஒரு போனை நேராகப் பிடிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் உனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல், "கண்ணு, மருந்து போடற நேரமாச்சு, கழுத்தக் காட்டு" என்று. நீயும் குழைந்துகொண்டு "இதோ வரேம்மா" என்றாய். நான் இங்கே முட்டாள்போல, எங்கேடி வரப்போறே, லீவு கெடச்சிடுச்சா என்று கேட்டுவிட்டேன். நீ கூப்பிட்டது என்னை இல்லை என்று புரிந்தபோது எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. உன் அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. "நீங்க கவலைப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்று நீ சமாதானம் சொன்னாயே, கவலைப்படுவதுதானே என் வேலை, அதையும் தூக்கி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டால் நான் இங்கே என்னதான் செய்வது.

அதற்குப் பிறகு நீ சொன்ன கதை ஒவ்வொன்றும் எனக்கு ஊசி குத்தின மாதிரிதான் இருந்தது. அவர் உன்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், வரிசையில் உனக்காக உட்கார்ந்தார், ஈரத்துணியை மடித்து முதுகில் வைத்தார், சூப் வைத்துக் கொடுத்தார், தூக்கத்தில் சொறியக்கூடாது என்று உன் நகத்தைக்கூட வெட்டிவிட்டார். நகத்தையுமா! சின்ன வயதில் நகம் வெட்ட உன்னைப் பிடிக்க நான் வீட்டைச் சுற்றி ஓடுவேன், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய், அவரிடம் மட்டும் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாயாக்கும். நல்ல மனுஷிதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல மனுஷியாக இல்லாமலிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று வந்தது. புதிதாக என்ன சோப்பு, என்ன துணி என்று டாக்டர் கேட்டதும், நீ ஒன்றுமில்லை என்று தலையாட்டியிருக்கிறாய், அந்த அம்மாதான் "உங்கம்மா அனுப்பின நைட்டிய அன்னிக்குத்தானே பிரிச்சுப் போட்டே" என்று எடுத்துக்கொடுத்திருக்கிறார். நான் தைத்து அனுப்பியது! அந்தத் துணி எங்கள் கர்ட்டன் கடைக்கு ஒரு ஹோட்டல் ஆர்டருக்கு வந்தது, இள நீலத்தில் பொடிப்பொடியாக இலை போட்டது. கசக்கிப் பிடித்து விட்டாலும் ஒரு சுருக்கம் விழாது, வெயிலில் வெளுக்காது, தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். வெட்டினது போக மீதி கிடந்தது. கட்டிங் மாஸ்டர் அப்போதே சொன்னார், "அக்கா, இது ஜன்னலுக்குப் போடற துணி" என்று. ஜன்னலுக்கே இவ்வளவு நல்ல துணி போடறாங்க, என் பொண்ணுக்குப் போடக்கூடாதா என்று நான்தான் வாயாடினேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒரே அளவு கழுத்து, ஒரே மாதிரி கை. புதுசு புதுசாகவே உன் கைக்கு வந்து சேரட்டும் என்று ஒரு தண்ணீரில்கூட நனைக்கவில்லை.

அது சுருங்காமல் இருக்க ஏதோ மருந்து ஏற்றின துணி, அதுதான் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னதாக நீ மெதுவாகத்தான் சொன்னாய். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருஷமாகத் துணியோடு துணியாகக் கிடக்கிறேன், என் தையலிலா குறை, அவர் வைத்த சூப்பில் என்ன இருந்ததோ என்று கேட்டுவிட்டு போனை வைத்தேனே, நினைவிருக்கிறதா. வைத்த கையோடு பீரோவைத் திறந்து என் நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதுவரை நான் அதைப் போடவில்லை, நல்ல நாளுக்கு வைத்திருந்தேன். அந்த அம்மா சொன்னது தப்பு என்று காட்டியே தீரவேண்டும் என்று நல்ல வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு சமைத்தேன், பெருக்கினேன், படுத்தேன். மறுநாளும் அதையேதான் போட்டேன். அப்பா "பொண்ணுக்கு ஒத்துக்காததை எடுத்து நீ எதுக்குப் போட்டுக்கறே, புத்தி கெட்டுப்போச்சா" என்று திட்டினார். பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகல என்று அவரிடம் கழுத்தைத் தூக்கிக் காட்டினேன். காட்டினபோது கொஞ்சம் அரித்தது, வியர்வை என்றுதான் நினைத்தேன்.

வியர்வை இல்லை. உனக்கு எங்கெங்கே வந்ததோ அங்கங்கே எனக்கும் வந்தது. கழுத்தைச் சுற்றிச் சங்கிலி போட்ட மாதிரி, அக்குள், முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவே. தையல் மெஷினில் உட்கார முடியவில்லை, நாற்காலியில் முதுகை உரசி உரசி மாடுபோல நின்றேன் என்று கடையில் கேலி செய்தார்கள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது புரிகிறதா, நான் ஏன் வீடியோவில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தேன் என்று. இங்கே உள்ள டாக்டர் ஒரு களிம்பும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தார், அந்த மாத்திரை போட்டால் கண் சொக்குகிறது, ஒரு கர்ட்டனில் வளையம் கோக்கும் பட்டையை அடிப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், மாஸ்டர்தான் பிரித்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் உன் வீட்டுக்கார அம்மா உனக்குச் செய்ததுதான். குளிர்ந்த தண்ணீர், வாசனை சோப்பு தொடாமல் இருப்பது, பழைய காட்டன் துணி, ஒட்ட வெட்டின நகம். அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, பிடிக்கவே இல்லை, ஆனால் அரிப்பு தணிந்தது. என் முதுகுக்கு உன் அப்பாதான். ஐஸ்கிரீம் குச்சியில் களிம்பை எடுத்து, தள்ளி நின்றுகொண்டு, "ஒட்டிக்காதே இது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு தடவுவார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. உன் முதுகுக்கு ஒரு கை கிடைத்ததே என்று அந்த நேரத்தில்தான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே அது என் கை இல்லையே என்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இப்போது எனக்கு நன்றாக ஆறிவிட்டது, கழுத்தில் மட்டும் லேசாகத் தோல் உரிகிறது, அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வடு எதுவும் நிற்காதாம், உனக்கும் நிற்காது. ஆனால் போனவாரம் நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாயே, அந்த அம்மா அந்த நைட்டியைக் கையால் அலசி, பிழிந்து, உலர்த்தி, தோளில் போட்டுக்கொண்டு மடித்தார், அவருக்கு ஒரு பொட்டுகூட வரவில்லை என்று. நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டாய், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்பா கழுத்திலும் அந்தத் துணியைச் சுற்றிப் பார்த்தேன், வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார், விடவில்லை, அவருக்கும் ஒன்றும் வரவில்லை. உனக்கு வந்தது, எனக்கு வந்தது. உன் தோல் நான் கொடுத்த தோல். மருந்து தடவலாம், நகம் வெட்டலாம், கண்ணு என்று கூப்பிடலாம், அந்த அம்மா தலைகீழாக நின்றாலும் அவருக்கு அந்தத் தடிப்பு வருமா? அன்றைக்கு இன்னும் அரிப்பு தாங்காமல் புரண்டுகொண்டிருந்த எனக்கு, இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. இப்படியும் ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று அப்பா கேட்கிறார். நான் பட்டேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. உள்ளே உனக்கு இரண்டு நைட்டி, பழைய வெள்ளைக் காட்டன், நான் பல தடவை துவைத்து நானே போட்டுப் பார்த்த பிறகுதான் மடித்தேன், பயப்படாமல் போட்டுக்கொள். புதுத்துணி எதுவானாலும் அலசாமல் உடம்பில் போடாதே, அம்மா கொடுத்தாலும் போடாதே. அடியில் நீலத் துணியில் ஒரு ஜோடி கர்ட்டன் இருக்கும், அது உன் வீட்டுக்கார அம்மாவின் கூடத்து ஜன்னலுக்கு. இவ்வளவு செய்தவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா, வாயால் சொல்லத்தான் இன்னும் மனசு வரவில்லை, தையலால் சொல்லியிருக்கிறேன், ஓரமெல்லாம் கை மடிப்பு. அதை அவரே மாட்டட்டும், நீ தொடாதே, கர்ட்டனில் கை துடைக்கும் பழக்கம் உனக்கு உண்டு. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நம் மாடிப்படிக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள், கைப்பிடி இன்னும் ஒட்டுகிறது. சித்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், நிம்மதியான தூக்கத்தோடு, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்கவேண்டும், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே யார் வேண்டுமானாலும் மருந்து போடட்டும், நீ யாரை வேண்டுமானாலும் அம்மா என்று கூப்பிட்டுக்கொள், ஆனால் உனக்கு எங்கே அரித்தாலும் முதலில் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் தோலுக்குச் சொந்தக்காரி,
அம்மா