மிஸ் வெர்னாவுக்கு அங்கீகாரம் இல்லை

அன்புள்ள ஷெல்பி அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உன் படுக்கையறை, அதன் ஜன்னல், பூட்டு உடைந்த மேஜை இழுப்பறை, தண்ணீரே கேட்காத கள்ளிச்செடியைக்கூட நீ சாகடித்துவிட்டுப் போன அந்த மண்தொட்டி ஆகிய அனைத்தும் இம்மாதம் மூன்றாம் தேதி முதல் டக்கர் ஆகிய என் ஆளுகைக்குள் வந்துவிட்டன. ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து முறையிடலாம். ராணுவப் பயிற்சி முகாமில் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருப்பவர்களின் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட மாட்டாது.

இதற்கு அடுத்த வரி 'இங்கு அனைவரும் நலம்' என்று இருக்க வேண்டும். அம்மா அப்படித்தான் எழுதியிருப்பாள். அம்மாவின் கடிதங்களை நம்பாதே. பயிற்சி முடிகிற வரை உனக்கு ஃபோன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்பது அவளுக்கு வசதியாகப் போயிற்று. முகத்தைக் காட்டாமல் நாலு வரி பொய் எழுதி உறையை ஒட்டிவிடலாம். நான் உள்ளதை எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். அதில் உன் பங்கும் உண்டு, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், வரிசையில் வா.

முதலில் வெஸ்லி அண்ணன். தினமும் காலையில் இரண்டு கிண்ணம் எடுத்து வைக்கிறான். ஒன்று அவனுக்கு, ஒன்று உனக்கு. உன் கிண்ணத்துச் சோள அவலை நான் தொட்டால் கையில் அடிக்கிறான். அது பாலில் ஊறிக் கூழாகிற வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு தானே கொண்டுபோய்க் கொட்டுகிறான். ஏழு வாரமாக இதே கதை. உடம்புக்கு இருபத்து மூன்று வயதும் மனசுக்கு ஐந்து வயதுமாக இருக்கிற ஆளிடம் 'பயிற்சி முகாம்' என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? "ஷெல்பி வேலைக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். வேலைக்குப் போனவள் சாயங்காலம் வர வேண்டாமா என்பதுதான் அவன் கேள்வி. நியாயமான கேள்வி.

நீ கிளம்பும்போது என்ன சொன்னாய்? "ரெண்டே வாரத்துல வேற ஆள் போட்டுடுவாங்க, கவலைப்படாதம்மா"ன்னு சொன்னாய். பதினெட்டு வயதானதும் அலைந்து திரிந்து அங்கீகாரம் வாங்கி, வெஸ்லியின் பராமரிப்பாளர் என்று கோப்பில் பெயர் ஏறியவள் நீ. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அங்கே என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? வெறும் கோடு. அம்மா ஆறு மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போயாக வேண்டும். நான் மூன்று மணி வரை பள்ளிக்கூடம். நடுவில் ஒன்பது மணி நேரம் வெஸ்லிக்கு யார்?

பராமரிப்புக்கு ஆள் அனுப்புகிற நிறுவனத்திலிருந்து மூன்று பேரை அனுப்பினார்கள். முதலாவது ஆள் இரண்டு நாள் வந்தான். வெஸ்லி அவன் காபியில் உப்பைக் கொட்டினான் என்று கோபித்துக்கொண்டு போனான். (அது வெஸ்லி இல்லை. அவனைப் பார்த்து "இது பேசுமா?" என்று கேட்டான் அந்த ஆள். அதனால் கொட்டினேன். பெருமையுடன் ஒப்புக்கொள்கிறேன்.) இரண்டாவதாக வந்தவள் ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வெஸ்லி செருப்பில்லாமல் நெடுஞ்சாலை வரை நடந்துவிட்டான். நிலக்கரி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மூன்றாவது ஆள் வரவே இல்லை. இருந்ததில் அவர்தான் நல்லவர்.

அம்மாவின் விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் மாவட்ட அலுவலகத்துத் திருமதி கார்வர் வீட்டுக்கு வந்தார். நம் சோபாவின் நுனியில், எதையும் தொட்டுவிடாமல் உட்கார்ந்து, இருபத்தெட்டாம் தேதிக்குள் அங்கீகாரம் பெற்ற ஒருவர் பெயர் கோப்பில் வராவிட்டால் வெஸ்லியை வடக்கே இரண்டரை மணி நேர தூரத்தில் இருக்கிற விடுதியில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். "தற்காலிகமாத்தான்"னு ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார். தற்காலிகம் என்றால் என்ன? நம் வீட்டில் அவன் கட்டில் தற்சமயம் காலி, அவ்வளவுதான். போன வருடம் மூன்று நாள் அங்கே விட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பிடவே இல்லை. திரும்பி வந்தபோது இடது காலில் வலது ஷூ, வலது காலில் இடது ஷூ. மூன்று நாளும் அப்படியே நடந்திருக்கிறான், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. மூன்று நாளுக்கே அது.

எனக்குப் பதினாறு வயது. பதினெட்டு இருந்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

இப்போது மிஸ் வெர்னா. மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸில் பதினாறு வருடம் வெஸ்லியை ஏற்றி இறக்கிய அதே மிஸ் வெர்னாதான். இடுப்பு வலியால் போன வருடம் ஓட்டுவதை விட்டுவிட்டார் அல்லவா? சங்கதி கேள்விப்பட்டு நேராக நம் வாசலில் வந்து நின்றார். "யாரோ ஊர் பேர் தெரியாதவன்லாம் பாத்துக்கலாம், நான் பாத்துக்கக் கூடாதா? எந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும், கொண்டா"ன்னார். வெஸ்லி அவரைப் பார்த்ததும் என்ன செய்தான் தெரியுமா? "பஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். அவருக்கு அவன் வைத்த பெயர் இன்னும் அதுதான். அவருடைய பழைய காரிலும் ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் உட்காருவான். மூன்று பேரை அனுப்பிய நிறுவனத்துக்கு இது தெரியுமா? எந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

அங்கீகாரம் கேட்டுப் போனால் எங்கு பார்த்தாலும் அகங்காரம்தான் உட்கார்ந்திருக்கிறது, அக்கா. விண்ணப்பம் என்கிறார்கள், உண்மையில் அது விண்ணுக்குப் போகிற அப்பம். மேலே போகும், யாரோ சாப்பிடுவார்கள், நமக்குத் தட்டுகூடத் திரும்பி வராது. நான் என்னை இந்த விவகாரத்தின் தலைமைச் செயலாளராக நியமித்துக்கொண்டேன். மிஸ் வெர்னாவுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. "எவன்டா இந்த எழுத்தையெல்லாம் குலுக்கிப் போட்டு ஒட்டினவன்?"னு விசைப்பலகையைத் திட்டினார். அதனால் படிப்பது நான், தட்டுவது நான், சிரமப்படுவது நான். அவர் படித்த பள்ளிக்கூடத்தை மூடியே இருபது வருடமாயிற்று. அவர் பள்ளி முடித்ததற்கு அத்தாட்சி தேடி, கடைசியில் ஒரு சர்ச் அடித்தளத்தில் பெட்டியைக் கிளறி எடுத்ததும் நான்.

கைரேகைக்குப் போனோம். இயந்திரம் இரண்டு தடவை அவர் விரலை ஏற்கவில்லை. வாழ்நாள் பூரா பாத்திரமும் ஸ்டியரிங்கும் தேய்த்ததில் ரேகையே அழிந்துபோயிருக்கிறது. "இது தெரிஞ்சிருந்தா பஸ் ஓட்டியிருக்க மாட்டேன், பாங்க்குல புகுந்திருப்பேன்"னு அவர் சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி பேச்செல்லாம் இங்க வேண்டாம் மேடம்"னாள். மூன்றாவது தடவை கையில் ஏதோ களிம்பைப் பூசித் தேய்த்த பிறகு இயந்திரத்துக்கு மனம் இரங்கியது. கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டிய எட்டு மணி நேர வீடியோப் பாடம் ஒன்று உண்டு: உரிமைகள், துன்புறுத்தல், யாரிடம் எதைப் புகார் செய்வது என்று. அதை என் பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, ஒரு நிமிடம் தள்ளிவிட விடாமல் முழுசாகப் பார்த்தார். "ஓட்டு தம்பி, பின்னாடி ஓட்டு. அந்தப் பொண்ணு சொன்னது எனக்குக் காதுல விழல"ன்னு அதே இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். நீ பாதியைத் தள்ளிவிட்டுத்தான் பார்த்தாய், எனக்குத் தெரியும்.

எல்லாம் அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நிராகரிப்பு. முதலுதவிச் சான்றிதழ் செல்லாதாம். நெஞ்சை அழுத்தி மூச்சு வரவைக்கிற பயிற்சியை, பயிற்சியாளர் முன்னால், பொம்மையை வைத்து நேரடியாகச் செய்து காட்டியிருக்க வேண்டுமாம். இணையத்தில் மட்டும் படித்து வாங்கிய சான்றிதழ் கணக்கில் வராதாம். வெஸ்லிக்கு வலிப்பு வந்தபோது ஓடுகிற பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, அவனை மடியில் போட்டுக் காப்பாற்றிய பெண்பிள்ளை அவர். அதற்குச் சான்றிதழ் கிடையாது. ரப்பர் பொம்மைக்கு மூச்சு வந்தால்தான் இவர்களுக்கு மூச்சு வரும்.

நேரில் போனோம். மிஸ் வெர்னா, வெஸ்லி, நான். திருமதி கார்வர் கோப்பைப் புரட்டினார். "விதி அப்படிங்க, நான் என்ன பண்ணட்டும்?"னார். மறுபடி சான்றிதழ் வாங்கி அனுப்பினால் பார்க்கலாம், ஆனால் தேதியைத் தள்ளிப் போட முடியாது என்றார். வெஸ்லி அவர் மேஜையில் இருந்த பேனாக்களையெல்லாம் பஸ் இருக்கை மாதிரி இரண்டு இரண்டாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தேன். வாசலில் எழுத்துகளைச் செருகி வைக்கிற கறுப்புப் பலகை ஒன்று இருக்கிறது இல்லையா, 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று? இரண்டு எழுத்தைப் பிடுங்கினேன், வேறு இரண்டைச் செருகினேன். 'உங்களை வம்புடன் வரவேற்கிறோம்'. அரை மணி நேரம் அப்படியே இருந்தது. நாலு பேர் படித்தார்கள், ஒருவர் படம்கூட எடுத்தார். இந்த மாவட்ட வரலாற்றிலேயே அந்த அலுவலகம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மிஸ் வெர்னா பார்த்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த இடுப்போடு ஏறி, எழுத்துகளை மாற்றி வைத்தார். "இந்த வாசல்ல நான் இன்னும் எத்தனையோ தடவ நுழையணும்டா. உனக்கு ஒரு நாள் சிரிப்பு"ன்னார்.

நாற்பது மைல் தள்ளி ஒரு தீயணைப்பு நிலையத்தில் சனிக்கிழமை நேரடி வகுப்பு. இடம் நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் மிஸ் வெர்னா இரண்டாவது. இரண்டு பேர் வராமல் போனால் உள்ளே. இல்லாவிட்டால் அடுத்த வகுப்பு அடுத்த மாதம் ஆறாம் தேதி. அதற்குள் வெஸ்லி வடக்கே போயிருப்பான். அம்மா அவன் துணிகளில் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். உள்ளாடை வரைக்கும். உனக்கு இதை எழுதியிருக்க மாட்டாள்.

இந்த இடத்தில் 'எல்லாம் நீ போனதால் வந்தது' என்று எழுதி முடிப்பதாகத்தான் திட்டம். பக்கம் பக்கமாக அதற்குத்தான் ஏணி போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். நீ திட்டினால் எனக்குக் கேட்காது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மிஸ் வெர்னா முதலிலேயே அந்தத் தீயணைப்பு நிலைய வகுப்புக்குத்தான் பெயர் கொடுக்கிறேன் என்றார், மூன்று வாரத்துக்கு முன்னால், இடம் இருந்தபோது. நான்தான் "அதெல்லாம் பழைய காலம் மிஸ் வெர்னா, இங்கேயே இருபது நிமிஷத்துல முடிச்சிடலாம்"னேன். "பொம்மையை அமுக்கிக் காட்ட வேண்டாமாடா?"ன்னு கேட்டார். "வேண்டாம்"னேன். நேரடிப் பயிற்சி இல்லாவிட்டால் செல்லாது என்று படிவத்தின் மூன்றாவது வரியிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிய தலைமைச் செயலாளர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். அது மட்டும் இல்லை. அன்றைக்கு மிஸ் வெர்னா யாரையோ ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். தேர்வை அவர் பெயரில் நானே எழுதினேன். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அச்செடுத்துக் கொடுத்து "பாத்தீங்களா?"ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவர் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அலுவலகத்தில் திருமதி கார்வர் கேட்டார், "இந்தத் தேர்வ நீங்கதான் எழுதினீங்களா?"ன்னு. வேறு ஒருத்தர் எழுதியது என்று தெரிந்தால் மிஸ் வெர்னாவுக்கு இனி எந்த நாளும் அங்கீகாரம் கிடையாது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தாங்க எழுதினேன். தப்பான வகுப்ப எடுத்துட்டேன், வயசாச்சுல்ல"ன்னார். எட்டு மணி நேரப் பாடத்தில் ஒரு நிமிடத்தைக்கூடத் தள்ளிவிடாதவர், எனக்காக முகம் மாறாமல் பொய் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. என் காதெல்லாம் சுட்டது. அதனால்தான் வெளியே ஓடினேன். கோபத்தால் இல்லை அக்கா.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சனிக்கிழமைக்கு அப்புறம் சொல்லிவிடுவேன், எந்தப் பக்கம் போனாலும். நீ முந்திக்கொண்டு எழுதிவிடாதே. வெஸ்லிக்கு மட்டும் ஒரு அட்டை போடு, ஒரு வரி போதும், நான் படித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை எந்த வரியையும் விடாமல். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அந்த வகுப்பில் இடம் பிடித்த யாரோ இரண்டு பேருக்குச் சனிக்கிழமை மட்டும் லேசாகக் காய்ச்சல் வரட்டும்.

உன் தம்பி,
டக்கர்
(பெயரளவில் மட்டும்)