பூட்டிய அறையில் என் கடிதங்கள்

மெட்ராஸ், 9.8.1988

பாசமுள்ள அப்பாவுக்கு அடைக்கலமேரி எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? பூண்டு எடுத்தாயிற்றா?

ஆபீசில் ஒரு சின்னக் கூத்து. புதுக் கம்ப்யூட்டருக்குப் பழையதிலிருந்து எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். செய்தி போய்ச் சேர ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு; பழையதன் பெயரும் சேர்ந்து வந்துவிட்டது. புதியதற்கு அனுப்பிய செய்தியெல்லாம் பழையதற்கே போனது. "ஒண்ணுமே வரலையேம்மா!" என்று மேனேஜர் கத்தினார். பெயரை மாற்றினாலும், அணைத்துப் போட்டதும் பழைய பெயரே வந்தது. அது விழித்ததும் முதலில் படிக்கிற ஃபைலில் திருத்திய பிறகுதான் சரியானது.

உங்கள் கடிதம் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஹாஸ்டலில் இன்னொரு அடைக்கலமேரி இருக்கிறாள். அவள் அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் மூன்று வாரமாகிறது. ஜன்னல் வழியே பார்த்தேன். கதவுக்கடியில் தள்ளிவிட்ட உங்கள் இன்லண்ட் லெட்டர் இரண்டு தரையில் கிடக்கின்றன.

அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு வெரசா தந்தி கொடுங்கப்பா. விலாசத்தில் நம்ம ஊர்ப் பேரையும் சேர்த்து 'பூண்டி அடைக்கலமேரி' என்றே போடச் சொல்லுங்க.