‘நார்மல்’ சீட்டு

என் வீட்டு மகாராணிக்கு,

உன் முட்டிவலி எப்படி? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

புற்றுநோய் வந்தவர்களுக்கு ரத்தம் ஏன் சீக்கிரம் உறைகிறது என்றுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். இரண்டு வருடமாகக் கை நீட்டும் ஏமாளி நான்தான். என் குழாயில் ‘நார்மல்’ என்று சீட்டு ஒட்டுவார்கள். நீ மட்டும்தான் அதை நம்பமாட்டாய்.

திங்கட்கிழமை என் ரத்தம் நோயாளிகளுடையதை முந்திக்கொண்டு உறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக முதலிடம்! மெஷின் கோளாறு என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நானே முதல்.

எப்போதும் என்னைக் கிண்டலடிக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா, “எடை ஏதாவது குறைஞ்சிருக்கா?” என்றார்.

“என் சமையலை நானே சாப்பிடறேன் மேடம், குறையாம என்ன செய்யும்?”

அவர் சிரிக்கவில்லை. இன்று ‘நார்மல்’ சீட்டை வேறொருவர் குழாயில் ஒட்டினார்கள்.

கவலைப்படாதே, நாளைக்கு ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். அப்பாவுக்குக் கடைசியாக ரத்தம் உறைந்து கால் வீங்கியதே, அந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் பரணிலிருந்து எடுத்து அனுப்பு. கூடவே சின்ன அளவில் ஒரு பெல்ட்டும். பழையதில் ஓட்டை போட இனி இடமில்லை.

டாக்டரம்மா கூப்பிடுகிறார்.

உன் ஏமாளி