முந்திப் பழுத்த பெட்டி

சித்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் லோகேஸ்வரனுக்கு,

என் மகள் தரணியின் காலேஜ் சோதனை தலைகீழாய்ப் போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான்தான். அவள் உன் பக்கத்தில் இருக்கும்போது போனில் இதைப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நானும் உன் அக்கா தேவயானியும் நலம்.

வைக்கோலில் மாங்காய் சீக்கிரம் பழுக்குமா, பேப்பரிலா என்று காலேஜுக்குச் செய்து காட்ட, ஒரே தோப்புக் காயாக இரண்டு பெட்டி கேட்டாள். பெங்களூரா ரகத்துக் காய் அனுப்பினேன். வைக்கோல்தான் முந்தும் என்று எழுதிவைத்திருந்தாளாம். பேப்பர் பெட்டி முந்திக்கொண்டது. திருப்பதியில் உன் வீட்டில் தங்கிப் படிக்கிறவள், உன்னிடம்தான் அழுதிருக்கிறாள். எனக்கு அவள் அம்மா சொல்லித்தான் தெரியும். மாங்காயோடு புரண்டு மண்டி வைத்தவன் நான். நீ பேங்க்கில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். மாங்காய் சந்தேகத்துக்கு நீதான் கிடைத்தாயா?

கேட்டால், "எதிர்பார்க்காதது வந்தாலும் அதுவும் ஒரு முடிவுதானாம் நைனா, மாமா சொன்னாரு" என்கிறாள். நாளெல்லாம் மாமா சொன்னாரு, மாமா சொன்னாரு.

வேண்டியவர்களுக்குப் பெட்டி கட்டினால், வீட்டுக்கென்று அடியில் பழுத்த பழம் வைப்பது எங்கள் மண்டி வழக்கம். பேப்பர் பெட்டியில் இரண்டு பங்கனப்பள்ளிப் பழம் வைத்தேன். பேப்பரில் சுற்றிவிட்டால் எல்லாம் ஒரே முகம்தானே. முந்தின வாரம் உன் வீட்டு மரத்துப் பழத்தை அவள் புகழ்ந்த புகழ்ச்சியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாம்பழ வியாபாரி மகள் ஊரான் மரத்தைப் புகழலாமா? என் பழத்தைத் துன்னு பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

மேல் அடுக்கைப் பார்த்துவிட்டு அழுதவள், நேற்றுதான் பெட்டியை அடிவரை கொட்டியிருக்கிறாள். உடனே போன். "இன்னா வேலை நைனா இது? அந்த ரெண்டுதான் மத்ததையெல்லாம் பழுக்க வெச்சுகினு இருந்துருக்குது!" என்று கத்தினாள், அப்புறம் சிரித்தாள். பழம் விடுகிற காற்று காயைப் பழுக்க வைக்குமாம். எனக்குத் தெரியாததா? அன்றைக்கு என் யோசனை காய்மேல் இல்லை, உன் மரத்தின்மேல் இருந்தது. உன்னிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொல்லியிருக்கிறாள், அதைக் கவனி.

இப்போது அதையே சோதிக்கப் போகிறாளாம். பழம் வைத்த பெட்டி ஒன்று, வைக்காத பெட்டி ஒன்று. மண்டிப் பழம் வேண்டாமாம். மரத்திலேயே பழுத்தது வேண்டுமாம். யார் மரம் என்று உனக்கே தெரியும்.

பேரம் பேசிப் பார்த்தேன். மசியவில்லை, என் மகள் அல்லவா. நீயும் குழந்தைகளும் நன்றாயிருங்கள். அவளை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

முடிந்த ஒப்பந்தம் இது: காய் என்னுடையது, பழம் உன்னுடையது. பெட்டி கட்டுவது என் மண்டியில், அவள் கண்ணெதிரே. வாரம் ஆறு நாள் அவள் உன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை முழுசாக எனக்கு.

இப்படிக்கு,
செங்கல்வராயன்