வெளியேறு என்கிற பட்டன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கு நான்தான் காரணமாம். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நைனா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டான்.

"உன் அக்கவுண்ட்ட எடுத்துட்டா ஸ்பீடா ஓடும். எப்படியும் கல்யாணம் ஆயி போவப் போறவதானே, உனுக்கு இன்னாத்துக்குத் தனி அக்கவுண்ட்டு?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். அண்ணன் மூடாமல் விட்ட கேம், நைனா நேற்று நெல் விலை பார்த்த பக்கங்கள், எல்லாம் அவரவர் அக்கவுண்ட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. மெமரியில் என் பங்குதான் ஆகக் குறைவு. வேலை முடிந்தால் நான் லாக் அவுட் செய்துவிடுவேன்.

"நீ ஏன் நைனா லாக் அவுட் பண்றதே இல்ல?"

நைனா திரையைக் காட்டினார். அவருக்காகத்தான் தமிழில் வைத்திருக்கிறோம். "'வெளியேறு'ன்னு போட்டுக்கீது. சொந்த ஊட்ல குந்திகினு அத்த எவனாச்சும் அமுக்குவானா?"

பட்டனில் இருந்தாலே அவருக்கு ஆகாத சொல். அதையே அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னபோது வாயைத் திறக்கவில்லை.

அட்மின் நான்தான். இரண்டு பேரையும் வெளியேற்றினேன். கம்ப்யூட்டர் பறக்கிறது. இப்போது இந்த வீட்டில் உள்ளே இருப்பவள் நான் ஒருத்திதான்.