பாட்டுக்கு நடுவே

சிகாமட்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள ஐலீன்,

உன் கடிதம் கிடைத்தது. தேதி போட மறந்திருக்கிறாய்.

பாட்டுக் கேட்கும் கருவி வாங்கித் தருகிறேன், எப்படிப்பட்டது வேண்டும் என்று கேட்டிருந்தாய். காலையில் பூசைக்கு நடந்து போகிறேன். பின்னால் மோட்டார் சைக்கிள் வரும். ஒரு காது திறந்திருக்க வேண்டும். என் கவுன்களில் பை இல்லை, கிளிப் தேவை. கண்ணாடி தேடாமல் விரலுக்கு அகப்படும் பொத்தான்கள் வேண்டும். திரையைத் தேய்க்கும் வேலை எனக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு சூசனிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்புகிறேன். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் நான் பாடியதை உன் அப்பா பதிவு செய்தது. அவர் பதிவு செய்தவற்றில் வெள்ளத்துக்குத் தப்பியது இது ஒன்றுதான். அதை அப்படியே கருவியில் ஏற்று.

அம்மா

சிங்கப்பூர்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மா,

தேதி போட்டிருக்கேன், பாருங்க. நீங்க கேட்ட மாதிரியே ஒண்ணு கிடைச்சிருச்சு. திரை இல்லை, நாலே பொத்தான், கிளிப்பும் இருக்கு.

கேசட்ல ஒரே இரைச்சலாம். என்கூட வேலை செய்யுற குணாளன் ஒலிப்பதிவு தெரிஞ்சவர். மழைச் சத்தம், இருமல், நடுவுல யாரோ பேசுறது எல்லாத்தையும் எடுத்துட்டார். இப்ப உங்க குரல் மட்டும்தான், மணி மாதிரி. கேசட்டைக் கணினிக்கு மாத்தி முடியுற நேரத்துல நாடா சிக்கி அறுந்துருச்சு. கவலைப்படாதீங்க, பாட்டெல்லாம் பத்திரம். கருவியில ஏத்தி இதோட அனுப்பியிருக்கேன்.

ஐலீன்

சிகாமட்
3 மார்ச் 2024

அன்புள்ள ஐலீன்,

கருவி நான் கேட்டபடியே இருக்கிறது. நன்றி.

என் குரலைக் கேட்க எனக்குக் கருவி எதற்கு? உன் அப்பா பாடமாட்டார். பதிவுக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் செருமிவிட்டு எண்ணுவார். முடிந்ததும் குறை சொல்வார். அந்த இருமல் அவருடையது. பேசியது யாரோ இல்லை. அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

அப்படியே என்று எழுதியிருந்தேன்.

ஈஸ்டருக்கு நீ வரத் தேவையில்லை.

அம்மா

சிங்கப்பூர்
9 மார்ச் 2024

அன்புள்ள அம்மா,

நான் முழுசாக் கேட்காமலே அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க.

குணாளன் எதையும் அழிக்கலை. உங்க பாட்டு வர்ற இடத்தையெல்லாம் வெறுமையா விட்டு, எடுத்ததைத் தனியா வெச்சிருந்தார். நேத்து கேட்டேன். அப்பா உங்களை மேடம்னு கூப்பிடுறார். எனக்கு இது தெரியவே தெரியாதும்மா.

இந்தக் கடிதத்தோட வெச்சிருக்குற சின்ன மெமரி அட்டையில அது இருக்கு. கருவியோட ஓரத்துல செருகுங்க. ரெண்டையும் மறுபடி ஒண்ணா சேர்த்துத் தரவா?

ஐலீன்

சிகாமட்
18 மார்ச் 2024

அன்புள்ள ஐலீன்,

சூசன் அட்டையைச் செருகிக் கொடுத்தாள். வழியில் கேட்கத் துணியவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மழை பெய்கிறது. அவர் செருமுகிறார். ஒன்று, இரண்டு என்கிறார். பிறகு ஒன்றுமில்லை.

முதல் நாள் அந்த வெறுமையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து அங்கே பாடுகிறேன். பாட்டின் இடம் முடியுமுன்பே மூச்சு தீர்ந்துவிடுகிறது, அவர் காத்திருக்கிறார். பிறகு, "மேடம், கடைசி வரியில சுருதி இறங்கிருச்சு" என்கிறார். அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது இறங்கத்தான் செய்கிறது.

சேர்க்க வேண்டாம்.

ஈஸ்டருக்கு வா. இரண்டாம் குரல் பாட ஆளில்லை.

அம்மா