கடைசித் துணி

இன்று காலை உன் மேஜை டிராயரைத் திறந்தேன். தைல வாசனை அப்படியே இருக்கிறது. ஏசி குளிருக்குத் தலைவலி என்று நெற்றி பளபளக்கத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். யாராவது மூக்கைச் சுளித்தால், "வேணும்னா நீயும் தடவிக்கோ குரு" என்று டப்பாவை நீட்டுவாய். உனக்கு எல்லாரும் குருதான். நான் தைலத்துக்காகத் திறக்கவில்லை, உன் பழைய ஹார்ட் டிஸ்க்குக்காகத் திறந்தேன். அதில் இருக்கும் பெரு நாட்டு அம்மாளின் ஸ்கேனை அழிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது.

அன்றைக்குக் கேன்டீனில் நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். கேட்டவள் போய்ச் சேர்ந்து, மழைக்காலமும் ஒன்று போய்விட்டது.

நம் வைட்ஃபீல்ட் ஆபீஸில் எதுவும் மாறவில்லை. மெட்ரோ வந்த பிறகும் ஆபீஸ் கேப் அதே சிக்னலில்தான் நிற்கிறது. வெளிநாட்டு ஸ்கேன்கள் வருகின்றன. மெஷின் முதலில் எலும்பு, சதை என்று பிரித்து வண்ணம் தீட்டுகிறது, அது தப்பாகத் தீட்டியதை நாங்கள் கோடு போட்டுத் திருத்தி அனுப்புகிறோம். யாருடைய முழங்கால், யாருடைய நுரையீரல் என்று இப்போது நான் பார்ப்பதுகூட இல்லை. அலுத்துவிட்டது.

அந்த அம்மாளின் கோப்பு வந்த நாள் நினைவிருக்கிறது. பெருவின் மலைநாட்டில் ஒரு காலத்தில் இறந்தவரை முழங்கால் மடக்கி உட்காரவைத்து, துணிமேல் துணி சுற்றி மூட்டையாகக் கட்டிப் புதைப்பார்களாம். முன்பு ஆராய்ச்சிக்காரர்கள் கத்தரி வைத்து அறுத்துத்தான் உள்ளே பார்த்தார்கள். இப்போது மூட்டையைத் தொடுவதில்லை. ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு துணியாகத் திரையிலேயே உரிக்கிறார்கள். இதுதான் மரியாதையான முறை என்றார் டீம் லீட். மரியாதையாக உரிக்கிற வேலை உன் தலையில் விழுந்தது.

வாரக்கணக்கில் உரித்தாய். வெளிச்சுற்று, பஞ்சு, கயிறு, மறுபடி துணி. கடைசித் துணி ஒன்றுதான் பாக்கி. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நான் கூப்பிட்டும் நீ எழுந்து வரவில்லை.

"கயிறுன்னு நெனச்சு துணியோட சேத்து எடுத்துட்டேன்டி" என்றாய். "கயிறு இல்லடி அது. ஜடை."

எட்டிப் பார்த்தேன். ஆமாம், ஜடைதான். நுனியில் நூல் வைத்து முடிந்திருந்தது. காய்ந்த முடிக்கும் கயிற்றுக்கும் ஸ்கேனில் பெரிய வித்தியாசம் தெரியாது, இந்த வேலையில் யாருக்கும் நேர்கிற பிழை. திருத்திவிட்டு மேலே போகலாம். நீ ஜடையை அதன் இடத்தில் வைத்தாய். மேலே போகவில்லை.

டீம் லீட் வந்தார். "டெலிவரி இருக்கும்மா. மியூசியம்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டாங்க."

"மியூசியம் இவங்களுக்கு என்ன ஒறவு சார்?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

கேன்டீனில் சொன்னாய்: "எங்க ஜீவனஹள்ளில சாவு வீட்ல எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுப்பாங்க. மொகம் பாக்கறவங்க பாத்துக்கங்கன்னு. யார் முன்னாடி போகணும், யார் தள்ளி நிக்கணும்னு ஜனங்களுக்கே தெரியும். இந்தம்மாவுக்கு யாருடி சத்தம் குடுத்தது? நான் எந்த முறையில போய் பாக்கறது?"

நான் சாம்பாரைப் பற்றி ஏதோ சொன்னேன். கடைசித் துணியை எடுக்காமல், அந்த ஸ்கேன் கோப்பை அரைகுறையாகவே அனுப்பினாய். குறிப்புப் பகுதியில் ஒரே வரி: இவருடைய ஊர்க்காரர்களிடம் கேட்டீர்களா? உனக்கு வேறு வேலை மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை என்று லீவு போட்டாய். சீட்டுக்குத் திரும்பவே இல்லை.

உன் வரியை அந்த ஆராய்ச்சிக் குழுவில் ஒரு மானிடவியல்காரர் படித்திருக்கிறார். பெருவில் இப்போது ஆராய்ச்சி இப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று மெயிலில் எழுதியிருக்கிறார். தோண்டுவதற்கு முன்னும் திறப்பதற்கு முன்னும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். சில ஊர்களில் தாராளமாகப் பாருங்கள் என்கிறார்களாம். இந்த அம்மாளின் ஊர் கூடிப் பேசி, மூட்டை வீடு திரும்பட்டும், முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், எடுத்த படங்களும் இருக்க வேண்டாம் என்றுவிட்டது.

நீ ஜெயித்துவிட்டாய். அழிக்கிற வேலை எனக்கு வந்தது.

அந்த டிஸ்க்கில் இருப்பது வெறும் ஸ்கேன் இல்லையே. நீ கையால் போட்ட கோடுகளும் இருக்கின்றன. வளைவு வந்தால் புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைப்பாய், அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. உன்னுடையது என்று இந்த ஆபீஸில் வேறெதுவும் மிச்சமில்லை. ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. கடைசித் துணியையும் விலக்கி ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றும் தோன்றியது. மத்தியானம் வரை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ என்ன சொல்வாய் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

உன்னை எடுத்த அன்று நான் ஆபீஸ் கூட்டத்தோடு வேன் பக்கத்தில்தான் நின்றேன். சத்தம் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் முன்னே போனார்கள். கூட வேலை பார்த்தவள் எந்த முறையில் போவது என்று தெரியாமல் நகராமல் நின்றேன். உன் அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ என்னாத்துக்கு இங்க நிக்கிற? தெனமும் உன் கதையத்தான் சொல்லிக்கினு இருப்பா. வா, வந்து பாத்துக்கோ."

பார்த்தேன்.

இந்த அம்மாளிடம் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அதனால் கோப்பைத் திறக்காமலே அழித்தேன். உன் கோடுகளும் அதோடு போயின. உன் அம்மா காட்டிய முகம் ஒன்றுதான் இப்போது என்னிடம் இருக்கிறது.